விழுந்தெழும் வகுப்பு

செவ்வாய்க்கிழமை பத்தரை மணிக்கு
ஸ்கார்பரோவில், நூலகத்துக்குப் பின்னால் உள்ள மண்டபத்தில்
விழச் சொல்லித் தருகிறார்கள்.
இலவசம்.
வெறும் காலுறையோடு நிற்கக் கூடாது,
சப்பாத்து கட்டாயம்.

விழுகிறதுக்கும் வகுப்போ அம்மா என்று
தொலைபேசியில் சிரித்தான் மகன்.
தை மாதத்துக் கதையை
அவனுக்கு நான் சொல்லவில்லை.

குளியலறைக்கும் கட்டிலுக்கும் நடுவே
ஈரத் துவாயில் கால் வைத்தேன்.
அவ்வளவுதான்.
எலும்பு முறியவில்லை.
எழும்பத்தான் தெரியவில்லை.
மூன்று மணித்தியாலம்
கட்டிலின் அடிவயிற்றைப் பார்த்தபடி கிடந்தேன்.
அமத்தினால் ஆள் வரும் என்று
அவன் வாங்கித் தந்த பொத்தான்
கதவுக் கொளுக்கியில்
குடைக்குப் பக்கத்தில்
பத்திரமாகத் தொங்கியது.
வெளியே பனி வழிக்கும் வண்டி
போனது, வந்தது, போனது.

கடைசியில்
அலுமாரியின் கீழ்த்தட்டை எட்டி இழுத்தேன்.
தட்டு கழன்று மடியில் விழுந்தது.
உள்ளே இருந்த சேலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி
படி கட்டி
முழங்கையை ஊன்றி ஏறினேன்.
ஆறு பட்டு, மேலே கூறை.
கூறைச்சேலை
இவ்வளவு பாரம் தாங்கும் என்று
அன்றைக்குத்தான் கண்டேன்.

வகுப்பில் பதினொரு பேர்.
சொல்லித் தருபவள் டெல்ஃபின்,
ட்ரினிடாட்காரி,
அவளுக்கும் ஒரு முழங்கால் இரும்பு.
முதலில் நிலத்தோடு கோபத்தை ஆற்றுங்கள் என்றாள்.
நான் நிலத்தில் குந்தி ஒன்பது வருடம்.
கோபம் இல்லை, டெல்ஃபின்.
போக்குவரத்து நின்றுபோயிற்று.

இராசநாயகம் கதிரையை விடவில்லை.
முப்பது வருடம் பஸ் ஓட்டியவர்.
"இறங்கிறது பெரிய வேலையே?
திரும்ப ஏத்திறதுக்கு ஆர் வாறது?"
அவளுக்குத் தமிழ் தெரியாது.
கேள்வி மட்டும் விளங்கியிருக்க வேண்டும்.
அவருடைய காலடியில் போய்
தானே படுத்துக்கொண்டாள்.

மூன்றாம் கிழமை அவரும் படுத்தார்.
எல்லோரும் எழுந்து தேநீர் குடிக்கப் போன பிறகும்
அங்கேயே கிடந்தார்.
பயந்து போய்க் குனிந்தால்
"சீலிங்கில ஒழுக்கு இருக்கு,
ஆரும் சொல்லேல்லையே" என்றார்.

பக்கவாட்டில் புரள்.
முழங்கையை ஊன்று.
மாடு மாதிரி நாலு காலில் நில், மூச்சு வாங்கு.
கதிரை வரைக்கும் தவழ்.
பலமான காலை முன்னுக்கு வை.

எது பலமான கால்?
எழுபத்திரண்டு வயதில்தான் விசாரித்தேன்.
இடது.
எந்த வீட்டுக்குள்ளும்
வலது காலை வைத்தே நுழைந்தவள் நான்.
இவ்வளவு காலமும்
தன் முறை வருமென்று
பேசாமல் பின்னால் வந்திருக்கிறது மற்றது.

இப்போது வீட்டிலும் பழகுகிறேன்,
இரவுச் செய்திக்கு முன்.
துவாய்கள் எல்லாம் கொடியில்.
கொடி கிடந்த கழுத்தில்
பொத்தான்.
தொடக்கத்தில் குளிரும்.
பிறகு உடம்புச் சூடு பிடித்துவிடும்.

நேற்று கொஞ்சம் பலமாகவே விழுந்துவிட்டேன்.
சோபாவுக்கு அடியில்
எப்போதோ உருண்டுபோன பிரஷர் குளிசை ஒன்று
தூசு பூசி இருந்தது.
அதை எடுக்கக் கை நீட்டும்போது
கதவில் தட்டு,
தட்டுக்கு மேல் தட்டு.
கீழ்வீட்டு லியூட்மிலா.
என் நிலம்தானே அவளுக்குக் கூரை.

பொறு, வாறன் என்றேன், தமிழில்.
புரண்டேன். முழங்கை. மாடு. கதிரை. இடது கால்.
கதவைத் திறந்தபோது
நின்றுகொண்டிருந்தேன்.

வலது கையில் போன்,
இடது கையில் மாக்கட்டை,
இரவு உடுப்புக்கு மேலே குளிர் கோட்டு.
என் தலையிலிருந்து கால் வரை
இரண்டு தரம் பார்த்தாள்.
பயிற்சி, என்றேன்.

அவள் சிரிக்கவில்லை.
மாக்கட்டையை மேசையில் வைத்தாள்.
கோட்டைக் கழற்றினாள்.
கம்பளத்தின் ஓரத்தில் நின்று
முதலில் எந்தப் பக்கம் என்று
கேட்டாள்.