எண்ணியவர் யார்

மார்ச் மாதம், ஒரு செவ்வாய், மாலை ஐந்து மணி.
எட்டுத் தடங்களின் விளக்கையும் அணைத்தேன்.
ஒவ்வொன்றின் கோடியிலும் பத்து வெள்ளைக் கட்டைகள்
உருண்டு வரும் பந்துக்காக நின்றபடியே இருந்தன.
இரண்டு வாரம்தானே என்றார்கள்.

சாராயக் கடை திறந்திருந்தது.
நெடுஞ்சாலையோரப் பேரங்காடி திறந்திருந்தது,
ஒரே தள்ளுவண்டிப் பிடியை ஊரே தொட்டது.
அத்தியாவசியம் என்ற சொல்லைத்
தலைநகரில் யாரோ உட்கார்ந்து வெட்டித் தைத்திருந்தார்கள்.
என் அளவுக்கு மட்டும் துணி போதவில்லை.

கிருமி பொய்யென்று நான் சொன்னதில்லை.
வியாழக்கிழமை அணியில் நான்காவதாக உருட்டும்
ஹார்லன் ட்வெட் அதில்தான் போனான்.
அடக்கத்துக்குப் பத்துப் பேர்.
நான் பதினோராவது.
கல்லறை வேலிக்கு வெளியே, டிரக்கில்,
ஹீட்டரைக்கூடப் போடாமல் உட்கார்ந்திருந்தேன்.
பாதிரியாரின் வாய் அசைவது தெரிந்தது.
ஏன் பத்து? ஏன் பன்னிரண்டு இல்லை?
கடிதம் எழுதினேன்.
பதிலாக வந்தது, கைகழுவும் முறை பற்றி
ஒரு வண்ணத்தாள்.

நவம்பரில் பார்வையாளர் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன்.
தரையில் நாடா ஒட்டியிருந்தது, அதைத் தாண்டக் கூடாது.
பெட்டியின் முத்திரை எண்ணை உரக்கப் படிக்கச் சொன்னேன்.
லொரெய்ன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள்.
"முப்பது வருஷம் என் பையனுக்கு ஷூ எடுத்துக் கொடுத்தவன் நீ.
என் மேல சந்தேகமா, டேரில்?"
"ரசீது கேட்டா சந்தேகமா?
உன் வீட்டுக்காரர் இருநூறு அடிச்ச ராத்திரிகூட
ஸ்கோரை ரெண்டு பேர் எழுதினோமே."
படித்தாள். கொஞ்சம் அழுத்தமாகவே.

இரண்டாயிரத்து நூற்றுப் பதினான்கு.
இயந்திரம் சொன்னதும் அது,
மறுவாரம் கையால் எண்ணியபோது வந்ததும் அது.
அந்த அறையில் நாங்கள் ஜெயித்தோம்.
மாநிலத்தில் தோற்றோம்.
மருமகன் போனில் கத்தினான்: திருட்டு, திருட்டு!
இந்த அறையில் இல்லை என்றேன்.
மற்ற அறைகளில்?
அங்கே நான் இல்லை.

என் அரசியல் மொத்தமும் அவ்வளவுதான்.
ஒவ்வொரு அறையிலும் என்னைப் போல ஒரு தொந்தரவு நிற்கட்டும்.
அடையாள அட்டை கேட்கட்டும்.
அவனுக்கு ஒரு நாற்காலியும் காப்பியும் கொடுங்கள்,
விடிந்ததும் அவன் வாயாலேயே தோல்வியை ஒப்புக்கொள்வான்.
மருமகன் போனை வைத்துவிட்டான்.
நன்றி அறிவிப்பு விருந்துக்கும் வரவில்லை.

அப்புறம் ஆமோட் பண்ணை விலைபோயிற்று.
அறுநூற்று நாற்பது ஏக்கர் கரிசல்.
வாங்கியது மூன்றெழுத்துக் கம்பெனி,
அதற்குப் பின்னால் இன்னொரு கம்பெனி,
அதற்கும் பின்னால் கடல்.
நகராட்சிக் கூட்டத்தில் எழுந்து
முதலாளியின் பெயரைக் கேட்டேன்.
பின்வரிசையில் ஒருத்தி சொன்னாள்,
இவருக்கு வெளிநாட்டுக்காரர்களே ஆகாது.
காது சுட்டது.
என் கடை மெக்கானிக் மொகதிஷுவிலிருந்து வந்தவன் என்றேன்,
அவன் பெயர் தெரியும், தெரு தெரியும்,
அந்த மூன்றெழுத்துக்கு முகம் உண்டா?
கைதட்டினார்கள்.

மறுநாள் அப்திரிசாக்கிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன்.
அவன் ஸ்பானரைத் துணியால் துடைத்தான்.
வெகுநேரம் துடைத்தான்.
"அடுத்த தடவை
என்னைக் கேட்காம என்னைச் சாட்சிக்குக் கூப்பிடாதீங்க."

இப்போது நான்கு தடங்கள்தான் ஓடுகின்றன.
மற்ற நான்கில் மேசை நாற்காலி அடுக்கியிருக்கிறது.
பூட்டும்முன் கட்டைகளை எண்ணுவது என் வழக்கம்,
பத்து, பத்து, பத்து, பத்து.
நேற்று இரவு பாதியில் நிறுத்திவிட்டு
நீயும் ஒருமுறை எண்ணேன் என்றேன்.

குனிந்து விரலை நீட்டி
அவன் தன் மொழியில் எண்ணினான்.
ஒரு சொல்லும் புரியவில்லை எனக்கு.
விரலையே பார்த்துக்கொண்டு நின்றேன்.