ரப்பர் தடம்

ஈரத்தோடு கட்டாதே என்றாள் ஜுசிலேனி.
ஈர முடி இழுத்த இழுப்புக்கெல்லாம் நீளும்,
காய்ந்ததும் கட்டிய இடத்திலேயே அறும்.
அதனால் விடியுமுன் குளித்துவிட்டு
அசாயிக் கூடைகள் வந்து சேரும்வரை
படித்துறையில் காற்றுக்கு முதுகைக் காட்டி நிற்கிறேன்.
மராஜோவில் காற்றுக்கென்ன பஞ்சம்.
காய்வதற்குத்தான் இங்கே எதற்கும் மனமில்லை.

இடுப்புக்குக் கீழே ஒரு சாண்.
எங்கள் சபையில் பெண்கள் வெட்டுவதில்லை.
மகிமை என்கிறார் பாஸ்டர்.
நண்பகலில் அந்த மகிமை
பிடரியில் கிடக்கிற ஈரக் கம்பளி.

அகலப் பல் சீப்பு. நுனியிலிருந்து தொடங்கி மேலே.
சிக்கு விழுந்தால் சீப்பைக் கீழே வை,
விரலால் கேள், அது சொல்லும்.
கணவனின் பழைய பனியனைக் கிழித்த நாடா,
ரப்பர் ஆகாது.
நெற்றியோரம் சுண்டக்கூடாது,
புருவம் மேலேறக்கூடாது,
பின்னலுக்குள் ஒரு விரல் போய்வர இடம் வேண்டும்.
எல்லாம் அவள் சொன்னதுதான்.
அவள் என் சித்தி மகள்.

படகின் நடுவில் இயந்திரம்.
அங்கிருந்து பின்னால் விசிறிவரை
காலடியில் ஓடுகிறது ஓர் இரும்புத் தண்டு.
எங்கள் படகில் பலகை போட்டு மூடியிருக்கிறோம்.
அடுத்தவர் படகில் ஏறுகிற நாட்களும் உண்டு.

ஒன்பது வயதில், தேங்கிய தண்ணீரை இறைக்க
குவளையோடு குனிந்தாள் ஜுசிலேனி.
அன்று காலை சித்தி பின்னிவிட்டது
தளர்வான பின்னல்,
குழந்தைக்கு வலிக்கக் கூடாதென்று.
மயிரிழையில் தப்பியவர்கள் உண்டு எங்கள் ஆற்றில்.
அவள் மயிரிழையில் மாட்டினாள்.
இதற்கு மேல் அவள் சொல்வதில்லை.
நானும் சொல்லப்போவதில்லை.
சித்தி அதற்குப் பிறகு
யார் தலையையும் தொடவில்லை, தன் தலை உட்பட.
சபையில் யாரும் எதுவும் கேட்கவில்லை.

இப்போது பெலேமில், மருந்துக்கடைக்கு மேலே ஓர் அறையில்
விக் தைக்கிறாள்.
யார் முடி கொண்டுவந்தாலும்
சன்னலோரம் தூக்கிப் பிடித்துப் பார்ப்பாள்.
ரப்பர் தடம் தெரிந்தால்
அந்த மடிப்போடு நறுக்கித் தள்ளிவிடுவாள்.
ஓடிவெலாஸ் பகுதிச் சிறுமி ஒருத்திக்கு
முழங்கை நீளம் வேண்டுமாம், முழுசாய்.

தருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.
பாஸ்டரிடம் இன்னும் சொல்லவில்லை.

அன்றிலிருந்து என் தலையில் இரண்டு எசமானர்கள்.
தளரக் கட்டு என்கிறது அந்தச் சிறுமியின் விக்,
இறுக்கிக் கட்டு என்கிறது தண்டு.
ஒரு வாரம் கண்ணாடி முன் மல்லுக்கட்டி
ஒரு வழி கண்டேன்:
தளர்ந்த பின்னலை உச்சிக்கு ஏற்றிச் சுருட்டி
மரக்குச்சி செருகி
மேலே துணியை வரிந்து கட்டுவது.
இறுக்கம் துணியில் இருக்கட்டும்,
முடிக்கு எதற்கு?
காட்டினால் பாராட்டுவாள் என்றுதான் போனேன்.

கொண்டையை அவிழ்த்தாள்.
விரல்கள் வேர்வரை போய்
அங்கே கொஞ்ச நேரம் நின்றன.
நாடா வைத்து அளந்தாள். நுனிகளை முகர்ந்தாள்.
இன்னும் நாலு விரற்கடை, ஜூன் வரைக்கும் பொறு என்றாள்.
படகுக்கு நேரமாகிறதே என்று எழுந்தேன்.

உட்கார்.

அவளேதான் கட்டினாள்.
நாடாவும் இல்லை, மரக்குச்சியும் இல்லை,
ஒரு விரலுக்கு இடமும் இல்லை.
முடிக்கற்றைகளைக் கட்ட வைத்திருந்த ரப்பர் வளையம்
அவள் மணிக்கட்டில் கிடந்தது.
அதை உருவி நாலு சுற்று,
பிறகு இன்னொன்று, அதன் மேல் இன்னொன்று.
என் கண்ணோரம் இழுபட்டது.

வலிக்குதுடி.

வலிக்கட்டும், எடினால்வா. நீ படகில் போகணும்.

இரவு முழுக்கத் தொங்கு படுக்கையில்
தலை விண்விண்ணென்று தெறித்தது.
வீட்டுக்கு வரும்வரை நான் அவிழ்க்கவில்லை.

ஐந்து நாளாகிறது, இருமுறை குளித்தாயிற்று.
பிடரிக்கு மேலே அந்த மடிப்பு
அப்படியே நிற்கிறது.
ஜூனில் சன்னலோரம் தூக்கிப் பிடித்து
யாரடி ரப்பர் போட்டது என்று
கத்தத்தான் போகிறாள்.