நானூற்றுப் பதினேழு

புதன்கிழமை இரவுகளில்
கெமி துறைமுகச் சாலையின் கடைசி மதுக்கடையில்
பாட்டு எந்திரத்துக்கு நான்தான் பொறுப்பு.
பெயரும் பாட்டின் எண்ணும் எழுதி
சீட்டு நீட்டுவார்கள்.
ஐமோ நீட்டுவதில்லை.
பனி தள்ளும் வண்டியை வாசலில் உறுமவிட்டு
தொப்பி சொட்டச் சொட்ட வந்து நிற்பான்.
நானூற்றுப் பதினேழு.
எனக்குத் தெரியும்.

அது ஒரு டாங்கோ.
வெயில் ஊரில் பிறந்து
இங்கே வந்ததும் கோட்டு மாட்டிக்கொண்ட தாளம்.
முதல் சரணத்தில் ஒரு படகு கிளம்பும்.
இரண்டாவதில்
கையுறையை மறந்து வைத்துவிட்டு ஒருத்தி போவாள்,
அல்லது ஒருவன்.
எங்கள் மொழியில் அவனுக்கும் அவளுக்கும் ஒரே சொல்தான்.
கேட்கிறவர் தன் வசதிக்கு
யாரையும் அந்தச் சொல்லில் உட்காரவைக்கலாம்.

மூன்றாவதில்தான் அந்த வரி.
எங்கள் வினைச்சொல்லுக்கு எதிர்காலம் கிடையாது.
உன்னை மறக்கிறேன் என்பதும்
உன்னை மறப்பேன் என்பதும்
எழுத்துப் பிசகாமல் ஒன்றே.

போலந்து மாலுமி ஒருவன் ஒருமுறை கேட்டான்:
பொருள் என்ன,
விட்டாயிற்றா, இனிமேல்தான் விடப்போகிறதா?
குவளையைத் துடைத்தபடி சொன்னேன்:
மேடையில் நிற்பவரைப் பொறுத்தது.

ராய்லி தம்பெரேவுக்குப் போய் ஆறு குளிர்காலம்.
வீட்டுச் சாவியை என் கல்லாவில்தான்
வைத்துவிட்டுப் போனாள்.
அதை அவனிடம் கொடுக்க
எனக்கு ஒன்பது நாள் ஆயிற்று.
ஏன் என்று கேட்காதீர்கள்.

ஆறு குளிர்காலமும்
திரைக்கு முதுகைக் காட்டியே பாடினான்.
வெள்ளை எழுத்துகள் ஒவ்வொன்றாய் மஞ்சளாகும்;
மஞ்சள் வந்து சேருமுன்
அவன் அந்தச் சொல்லைத் தாண்டியிருப்பான்.
மறப்பேன் என்ற வரியை
அத்தனை மனப்பாடமாக
வேறு யாரும் பாடி நான் கேட்டதில்லை.

போன புதன்
மூன்றாவது சரணத்தில் நின்றான்.
திரும்பினான்.
கண்ணாடி இல்லாத கண்ணைச் சுருக்கி,
விலைப்பட்டியல் படிப்பவன் போல
திரையில் தேடினான்.
வரி அதன்பாட்டுக்கு மஞ்சளாகி
அவனில்லாமல் கடந்துபோனது.
ஜன்னலோர மேசையில்
சீட்டாட்டம் நிற்கவில்லை.
"வார்த்தை வரமாட்டேங்குது" என்றான் மைக்கில்,
கொஞ்சம் சிரித்தான்.
இறங்கி வந்து
சாசேஜ் சூடாக இருக்கிறதா என்று கேட்டான்.
இருந்தது.
கடுகு அதிகம் வைத்துக்கொண்டு
இரண்டு தின்றான்.

மாலுமியே,
இந்நேரம் எந்தக் கடலில் இருக்கிறாயோ,
பொருள் இதுதான் என்று நினைக்கிறேன்:
பாட்டை முழுசாகப் பாடும்வரை
பாட்டு பொய்.

அவன் வண்டியின் ஆரஞ்சு விளக்கு
சுழன்று சுழன்று
உறைந்த கரையோரமாய்ப் போய் மறைந்தது.
நாற்காலிகளைக் கவிழ்த்து
எந்திரத்தை அணைத்தேன்.
திரை கறுத்தது.
கல்லாவை எண்ணும்போது கவனித்தேன்,
படகு, கையுறை, அந்த வரி எல்லாம்
ஒரு சொல் விடாமல்
என் வாயில் ஓடிக்கொண்டிருந்தன.
சில்லறையை விட்டுவிட்டேன்.
முதலிலிருந்து எண்ணினேன்.