கதவை மூடு, யெர்கோ

"குறட்டை விடுறான் சென்யோரா,
தூங்கட்டும்னு விட்டுட்டோம்"
என்கிறான் யெர்கோ.
பின்னால் தகரக் கூரை படபடக்கிறது.
சாயங்காலம் குதிரை தள்ளியதாம்.
எழுந்து சிரித்தானாம், சாப்பிட்டானாம்,
தலை வலிக்கிறதென்று படுத்தானாம் நிபால்தோ,
நாளைக்கு நூற்றெழுபது ஆடு மழிக்கிறவன்.

கிள்ளிப் பார்த்தீர்களா?
"கிள்ளினோம். பேர் சொல்லிக் கத்தினோம்.
நாய்தான் வந்தது."

போனை அவன் வாயருகே வை.

புந்தா அரேனாஸில் இரவு இரண்டே கால்,
ஆறிப்போன மாத்தேயோடு நான் கேட்கிறேன்.
உறங்குகிறவனின் குறட்டையில் ஒரு சோம்பல் உண்டு.
இது வேறு.
சேற்றில் சிக்கிய பூட்ஸை உருவும் சத்தம்.
ஓர் இழுப்பு.
பிறகு நான் எண்ணுகிறேன்: நான்கு, ஐந்து, ஆறு,
மறுபடி இழுப்பு.

நெஞ்சைப் பார். வயிற்றையும்.
"வயிறு எழும்புது. அதே நேரம் நெஞ்சு உள்ள போகுது."
உதடு?
"விளக்கு மஞ்சள், தெரியல."
பக்கத்தில் நிற்பவனின் உதட்டோடு ஒப்பிட்டுச் சொல்.
ஏதோ நகர்த்துகிறார்கள், ஒரு தகரக் குவளை உருள்கிறது.
"கலாஃபாத்தே பழம் தின்ன மாதிரி இருக்கு, சென்யோரா.
அவன் தின்னல."

பேசித்தான் கெடுக்கும் நாக்கு என்பார்கள்.
பேச்சற்ற நாக்கு பின்னால் சரிந்து
வாசலில் படுத்துக்கொள்கிறது.

தலைமாட்டில் முட்டி போடு.
கழுத்தைத் திருப்பாதே, அசைக்காதே.
காதுக்குக் கீழே தாடை வளைகிற இடம்,
இரண்டு பக்கமும் விரலைக் கொடு,
மேலே தூக்கு.
ஆட்டைப் பிடிக்கிற கைதானே, பயப்படாதே.

சத்தம் நின்றுவிட்டது.

பதினொரு வருடமாக இந்த நாற்காலி.
இன்னும் எனக்குப் பழகாதது இதுதான்:
நல்ல மூச்சுக்கும் சத்தமில்லை,
மூச்சே இல்லாததற்கும் சத்தமில்லை.

குனி. அவன் மூக்கருகே உன் கன்னம்.
"காத்துதான் படுது. எல்லாப் பக்கமும் காத்து."
கதவை மூடச் சொல், யெர்கோ.
இந்தத் தீவே மூச்சு விடுகிறது,
அதில் எது அவனுடையது?

தாழ்ப்பாள். கூரை மட்டும்.
பத்து வரை எண்ணுகிறேன்,
ஏழில் தடுமாறி ஏழையே மறுபடி சொல்கிறேன்.

"சூடு," என்கிறான்.
பிறகு, "திரும்பவும்."
பிறகு அழுகிறான், அது வேறு மூச்சு,
எனக்குப் பிரித்தறியத் தெரியும்.

ஆம்புலன்ஸ் போர்வெனீர் தாண்டிவிட்டது.
அறுபது கிலோமீட்டர் சரளைப் பாதை.
"கையை எடுக்கலாமா?"
எடுக்காதே.
"கட்டைவிரல் மரத்துப்போச்சு."
மரக்கட்டும்.
ஒவ்வொரு முறை சூடு படும்போதும்
எனக்கு ஒரு "ம்" சொல்.

ம்.

ம்.