வெறும் வண்டி

ஜூலை மாதம். கொம்பர்பலா ஊருக்கு மேலே
காற்று அறுக்கும் ஒரு மேடு.
தவணையில் வாங்கிய தொலைநோக்கி,
அதன் பிடரியில் பழைய கேமரா,
கால்சட்டைப் பையில் கை, வாயில் ஆவி.
தென்மகுடத்தின் ஓரம் ஒரு விண்மீன் கொத்து,
கைதவறிக் கொட்டிய உப்பு.
இரண்டு நிமிடத்துக்கு ஒன்றாக அறுபது படங்கள்.

அடுக்கிப் பார்த்தேன்.
நடுவில் உப்பு. நாலு மூலையிலும் கரி.
ரொட்டி அடுப்பின் வாய்க்குள்
எட்டிப் பார்த்தது போல.

பனிக்கவசம்தான் மறைக்கிறது என்று கழற்றினேன்.
கடலிலிருந்து ஏறிவந்த மூடுபனி
அரைமணியில் கண்ணாடியை நக்கிவிட்டுப் போனது.
திரும்பவும் மாட்டினேன்.
வடிகட்டியின் வளையம் ஒடுக்கம்; அதை எடுத்தேன்.
கரி ஒரு விரல் விலகியது,
கடன்காரன் வாசற்படியில் நகர்ந்து உட்காருவது போல.

குழாயின் வாயில் வெள்ளைத் துணி கட்டி
வெளுக்கும் வானத்தை எடு என்கிறார்கள்.
குவியத்தைத் தொடாதே. கேமராவைத் திருப்பாதே.
துணிக்கு அகப்பட்டது
ரெமிஹியோவின் பந்தாட்டச் சட்டை.
ஒன்றுமே இல்லாததை முப்பது தடவை எடுத்தேன்.
முப்பதிலும் முதுகிலிருந்த பதினொன்று
சாம்பல் கறையாய் விழுந்திருந்தது.
"கோல் போட்ட சட்டை அது" என்றான்,
பிடுங்கிக்கொண்டு போனான்.

மறுநாள் தலையணை உறை.
வகுத்தேன்.
கரி போய், மூலைகள் நாலும் வெளுத்தன,
சோப்பு நுரை ஒதுங்கின மாதிரி.
கெட்டவார்த்தை சொல்லிவிட்டு வேலைக்குப் போனேன்.

வேலை எடைமேடையில்.
தாமிரக் கல்லோடு வரும் லாரியை நிறுத்து,
கொட்டிவிட்டு வந்ததும் மறுபடி நிறுத்து,
வெறும் வண்டியைக் கழித்து,
மிச்சத்துக்குச் சீட்டு.
அன்றும் எலியாசர் கத்தினான்:
"நெல்டா, சக்கரத்துச் சேற்றையும்
வண்டிக் கணக்கில் சேர்க்கிறாய்,
என் கல் குறைகிறது!"
பேனாவை வைத்துவிட்டேன்.

மூடி போட்டாலும்
கேமரா ஒரு எண்ணைக் காட்டும்.
அது ஒளியில்லை. வெறும் வண்டி.
அதைக் கழிக்காமலா வகுத்தேன்,
பதினாறு வருஷமாய்க் கழித்தே சம்பளம் வாங்குகிறவள்?

அன்றிரவு மூடி போட்டு எடுத்தேன், இருட்டை இருட்டாகவே.
வானத்திலிருந்தும் கழித்தேன்,
தலையணை உறையிலிருந்தும் கழித்தேன்.
பிறகுதான் வகுத்தேன்.
மூன்று மூலைகள் துடைத்த தட்டு.

நாலாவது மட்டும், கீழே இடப்பக்கம்,
கறுப்பு.

கம்பி குறுக்கே வந்ததா. இல்லை.
கேமரா சாய்ந்திருக்கிறதா. இல்லை.
கணினியில் தூரிகை எடுத்து
இரண்டு ராத்திரி அதை வெளுக்கப் பார்த்தேன்.
வெளுத்த இடத்தில் விண்மீனே இல்லை,
ஊரெல்லாம் விளக்கெரிய
ஒரு தெரு மட்டும் பூட்டிக் கிடப்பது போல.

கடைசியில் கேமராவைக் கால் சுற்று திருப்பினேன்.
உறையைக் கட்டி மறுபடி முப்பது, மூடியோடு முப்பது.
என் கருவியின் குற்றமென்றால்
இருட்டு அதே மூலையில் இருக்கும்.

இல்லை. விண்மீன்களோடு சேர்ந்து
அடுத்த மூலைக்குப் போயிருந்தது.

அங்கேயே இருந்திருக்கிறது.
தூசு. பின்னால் உள்ளதையெல்லாம் மறைத்துக்கொண்டு
சும்மா நிற்கிற தூசு.
ஓரத்தில் ஒரு நீலம்கூட,
அடுப்பைச் சிறிதாக்கினால் வருகிற நீலம்.
அதையும் நான் தூரிகையால் அழித்திருந்தேன்.

காலையில் கொத்தைப் பார்த்து ரெமிஹியோ
"நல்ல உப்பு" என்றான்.
மூலையைத் தொட்டு, "இது என்ன, சரியாகவில்லையா?"
சரியாகிவிட்டது என்றேன்.
அவன் நம்பவில்லை.

ஏழு மணிக்கு எலியாசர் கொட்டிவிட்டு வந்தான்.
மேடையில் ஏறுமுன் இறங்கி, ஒரு கம்பியால்
சக்கரத்துச் சேற்றைச் சுரண்ட ஆரம்பித்தான்.
பின்னால் மூன்று லாரிகள் ஹாரன் அடித்தன.
அவன் முடிக்கட்டும் என்று
எண்ணைப் பதியாமல் உட்கார்ந்திருந்தேன்.