சோக் கம்பியின் சூடு

கட்டபெட்டில் என் வீட்டு வாசல் பத்தடி சமம்.
அப்புறம் சரிவுதான், மெயின் ரோடு வரைக்கும்.
அந்தப் பத்தடிக்குத்தான் ஆள் வேண்டும்.

தொண்ணூற்றேழாம் வருட மாருதி எண்ணூறு,
மூன்று கை மாறி வந்த வெள்ளை,
இப்போது பழைய பல்லின் நிறம்.
காலையில் சாவியைத் திருப்பினால்
டக்.
சில நாள் அதுவுமில்லை, தூக்கத்தில் புரள்கிறவன்போல
ர்ர்… ர்… என்று இழுத்து அடங்கும்.
மதியம் வெயிலில் கேட்டால் மட்டும்
முதல் திருப்பிலேயே எடுக்கும்,
ஒன்றுமே நடக்காத மாதிரி.

ஏழு மணிக்கு நான் கோத்தகிரியில் லேப் திறக்க வேண்டும்.
சர்க்கரை பார்க்க வந்தவர்கள்
வெறும் வயிற்றோடு படியில் உட்கார்ந்திருப்பார்கள்,
ஸ்வெட்டர் கையை முன்கூட்டியே சுருட்டிக்கொண்டு.

கேரட் பாத்தியிலிருந்து போஜன் ஏறி வருவார்.
பேசமாட்டார். டிக்கியில் இரண்டு கையையும் பதிப்பார்.
சரிவு தொட்டதும் இரண்டாம் கியர், கிளட்சை விட்டால்
வண்டி ஒரு விக்கல் விக்கி உயிர் பிடிக்கும்.
கண்ணாடியில் பார்ப்பேன்:
ஈரக் கையைப் பேன்ட்டில் துடைத்தபடி சின்னதாகிப்போவார்.

பேட்டரியைச் சந்தேகப்பட்டேன். புதுசு வாங்கினேன்,
நாலாயிரத்து எண்ணூறு.
ப்ளக் மூன்றையும் மாற்றினேன்.
பங்க்காரன் தண்ணி கலக்கிறான் என்று
முகம் தெரியாத ஒருவனை ஒரு வாரம் திட்டினேன்.
செல்ஃப் மோட்டார் குன்னூர் போய்
கார்பன் மாற்றித் திரும்பி வந்தது, பில்லோடு.
“பனிதாங்க” என்றான் மெக்கானிக் ஷெரீப்.
மலையில் எல்லாத்துக்கும் பனிதான்,
மூட்டு வலிக்கும், ஊறுகாய் பூத்ததுக்கும்.

ரிசல்ட் வருமுன் மருந்து எழுதும் டாக்டர்களை
டீ குடிக்கும்போது எத்தனை முறை கிண்டலடித்திருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை. ஆறு டிகிரி.
கேபிள் டிவி சகாயத்திடம் மீட்டர் வாங்கி வந்தேன்.
பேட்டரி பன்னிரண்டு புள்ளி ஆறு. நாடி சுத்தம்.
போஜனை உள்ளே உட்காரச் சொன்னேன்.
மூன்று மாதம் தள்ளியவர்
முதல் தடவையாக சீட்டில் உட்கார்ந்தார்,
சேற்றுக் காலைக் கதவுக்கு வெளியே நீட்டிக்கொண்டு.

திருப்புங்க.
டக்.
இன்னொரு தடவை.
ர்ர்.

பானெட்டுக்குள் குனிந்தவள்
தடுமாறி எதையோ பிடித்தேன்.
சோக் கம்பி.
சூடு.
இரும்பெல்லாம் விரலைக் கடிக்கிற அந்தக் காலையில்
அது மட்டும்
ஜுரக்காரன் மணிக்கட்டுபோல் சுட்டது.

கார்பரேட்டர் மடலை இழுக்க மட்டுமே இருக்கிற கம்பி.
கரண்டுக்கும் அதற்கும் என்ன பேச்சு?

மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி மைனஸில் வைத்தேன்,
இன்னொன்றை இன்ஜின் உடம்பில்.
திருப்புங்க.
பூஜ்யத்தை ஒட்டி இருக்கவேண்டிய இடத்தில்
நாலு புள்ளி ஒன்று.

போகிற வயர் கட்டைவிரல் தடிமன்.
திரும்பி வரத்தான் வழியில்லை.
வழி தேடிய மின்சாரம் அந்த ஒல்லிக் கம்பிக்குள்
இத்தனை நாளும் உடம்பை நுழைத்து நுழைத்துப் பார்த்திருக்கிறது.
நான் சிவப்பு வயரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கியர்பாக்ஸுக்கடியில் கண்டுபிடித்தேன்:
எர்த் பட்டை, பின்னல் முழுக்கக் களிம்பேறி,
பாசி பிடித்த கிணற்றுக் கயிறுபோல.
போல்ட் ஒருபக்கம் தானாகவே கழன்று வந்தது.
புதுப் பட்டை நூற்றிருபது ரூபாய்.
உப்புத்தாள் வீட்டிலேயே இருந்தது.

திங்கள், ஆறு இருபது.
சாவியைத் தொட்டேன், அவ்வளவுதான்,
மூன்று சிலிண்டரும் ஒரே குரலில்.

பின்னால் போஜன் வந்து நின்றிருந்தார்.
இரண்டு கையும் டிக்கியில்,
புகை முழங்காலைச் சுற்றி.
இன்ஜின் ஓடுவது கேட்காமலா இருக்கும்?
கையை எடுக்கவில்லை.
மெல்லத் தள்ள ஆரம்பித்தார்.

நான் நியூட்ரலுக்கு மாற்றினேன்.
பத்தடி.