தாமதத்துக்கான காரணம்

செவ்வாய்க்கிழமை, குப்பை வண்டி வரும் நாள்.
தெரு நெடுக மஞ்சள் மூடித் தொட்டிகள்
பேருந்துக்குக் காத்திருப்பவர்களைப்போல.
பிரையனி ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே நடந்தாள்,
எண்ணுவது என் வேலை.
பதினேழு. பதினெட்டு.
மணி எட்டு நாற்பது.
மலையுச்சியில் நேற்றைய பனி அப்படியே கிடந்தது,
கீழே ஹோபார்ட் அதைக் கண்டுகொள்ளாமல்
கார் கண்ணாடிகளைச் சுரண்டிக்கொண்டிருந்தது.

பத்தொன்பதாவது தொட்டியருகே
எதுவோ அசைந்தது.
யாரோ தொலைத்த கம்பளித் தொப்பி என்றேன்.
"தொப்பி மூச்சு விடுமா அப்பா?"

எக்கிட்னா.
நடைபாதை விளிம்பில் ஏறப் பார்த்தது.
ஒரு சாண் உயரம்தான்.
முன்னங்கால் பற்றும், வயிறு எழும்பும்,
பிறகு மூட்டைபோல் பின்னால் சரியும்.
சரிந்ததில் வெட்கமே இல்லை.
குழல் மூக்கால் கல்லை முகர்ந்து
கல்லிடமே வழி கேட்டது.

தூக்கிவிடலாம் என்றாள்.
கூடாது என்றேன்.
ஏன்?
முள் குத்தும்.
எனக்கு ஒன்பது மணிக்கு ஒரு கூட்டம் இருந்ததைச் சொல்லவில்லை.

பையைக் கழற்றினாள். நூலகப் புத்தகத்தை எடுத்தாள்,
அட்டையில் டிராக்டர் படம்,
வெள்ளிக்கிழமை திருப்பித் தர வேண்டியது.
விளிம்பில் சாய்த்து வைத்தாள்: பாலம்.
அது பாலத்தை முகர்ந்தது,
டிராக்டரைச் சற்று நக்கியது,
திரும்பி மூன்றடி நடந்து
கார் ஏறும் சரிவு வழியே
தன் பாட்டுக்கு மேலே போய்விட்டது.

அவள் அழுவாள் என்று நினைத்தேன்.
சிரித்தாள். அவள் அம்மாவின் சிரிப்பு,
பிப்ரவரியிலிருந்து
ஞாயிற்றுக்கிழமைத் தொலைபேசியில் மட்டும் கேட்பது,
அண்டார்டிகாவில் ஜெனரேட்டர்களுக்கு நடுவே
இரைச்சலும் தாமதமுமாக வந்து சேர்வது.

அப்போது குப்பை வண்டி திரும்பியது.
தரை அதிர்ந்த கணத்தில்
எக்கிட்னா நின்ற இடத்திலேயே இறங்கியது,
நாலு காலாலும் புல்லைப் பிளந்து
நேர் கீழாக, லிப்டில் போவதுபோல.
வெளியே மிஞ்சியது ஒரு முள் மேடு.
போ, இங்கே யாரும் இல்லை
என்று அந்த முதுகு சொன்னது.

ஓட்டுநர் எட்டிப் பார்த்தார்.
சட்டையில் பெயர்: கார்வி.
என் முகத்தையும் அவள் முகத்தையும் பார்த்து
எஞ்சினை அணைத்தார்.
தெருவுக்கு இவ்வளவு காது உண்டென்று
அன்றுதான் தெரிந்தது எனக்கு.
"நின்றால் வராது" என்றார், "உட்காருங்கள்."
வண்டிப் படியில் அவர் உட்கார்ந்தார்.
ஈரப் புல்லில் நாங்கள்.
என் சட்டைப்பையில் தொலைபேசி இருமுறை துடித்தது.
பிரையனி என் பையை முறைத்தாள்.
அணைத்தேன்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது.
எண்ண வேண்டியவன் நான்தான். எண்ணவில்லை.

முதலில் மூக்கு.
அதன் நுனியில் ஒரு மண் துணுக்கு.
பிறகு முழு உடம்பும் தன்னை உதறிக்கொண்டு
எங்களை நோக்கி, இல்லை,
எங்களுக்குப் பின்னாலிருந்த எறும்புகளை நோக்கி
ஆடி ஆடி வந்தது.
பிரையனியின் காலணி நடுவழியில் இருந்தது.
கல் என்று எடுத்துக்கொண்டது.
ஏறியது.
ஷூ லேஸை முகர்ந்தது.
அவள் இமைக்கவில்லை,
ஐந்து வயதில் யாரும் இருக்க முடியாத அளவுக்கு
அசையாமல் இருந்தாள்.
இறங்கிப் போனது.
ஒரு நன்றியும் இல்லை, ஒரு பயமும் இல்லை.

"பின்னங்காலைப் பார்த்தாயா?" கிசுகிசுத்தாள்.
"நகம் பின்பக்கம் பார்க்குது."
நான் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.
புல்லோரச் சேற்றில் தடம் இருந்தது:
முன்கால் போகச் சொன்னது,
பின்கால் வரச் சொன்னது.

மிச்சத் தொட்டிகளை அவள் தட்டவில்லை.
பள்ளிவரை பின்னோக்கியே நடந்தாள்,
கம்பத்தில் மோதாமல் இருக்க
என் கைதான் அவளுக்குக் கண்.
"அம்மாகிட்ட நான்தான் சொல்லுவேன்.
நீ சொல்லக் கூடாது."
சரி.
"முதல் வார்த்தைகூட."
சரி.

அலுவலகத்தில் திருமதி ஹாலரன்
தாமதச் சீட்டை நீட்டினார்.
உடல்நலமின்மை, மருத்துவர், குடும்பம், போக்குவரத்து:
கட்டங்கள். கடைசியில் 'பிற',
அதன்முன் ஒரு விரல் நீளக் கோடு.
பேனாவை என்னிடமிருந்து பிடுங்கி
நாக்கைக் கடித்துக்கொண்டு அவளே எழுதினாள்.
விலங்கின் பெயர் கோட்டைத் தாண்டி
தேதிக்குள் போய் இடித்தது.
இரண்டு எழுத்துகள் மட்டும்
பின்பக்கம் பார்த்தபடி நின்றன.
திருமதி ஹாலரன் திருத்தவில்லை.
முத்திரை குத்தினார்.